மூன்று நாள் மதுரை

அவளுக்குக் கோபம் வந்தால் தொட்டில்கள் வேகமாக ஆடும்.

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள். நாங்கள் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவோம். கொட்டகை உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொன்றாக ஆட்ட ஒரு ஆளால் ஆகுமா? எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, அதன் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் அசைந்தால் அத்தனை பிள்ளையும் ஆடும். கை பால்மாவைக் கரைக்கும். வாய் திட்டும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியைத் திட்டுவாள், கேட்டுக் காவலைத் திட்டுவாள், பால்மாவு கட்டி கட்டியாக இருந்தால் அதைச் செய்த சீமைக்காரனைத் திட்டுவாள். திட்டத் திட்டக் கால் வேகமெடுக்கும், பிள்ளைகள் சுகமாகத் தூங்கும். என் மூத்த மகன் அவள் கோபத்தில் தூங்கி வளர்ந்தவன். இன்றைக்கும் வீட்டில் யாராவது சண்டை போட்டால் அவனுக்குக் கொட்டாவி வருகிறது.

அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயர் எழுத மாட்டேன். அந்தப் பெயரைப் போலீஸ்காரர்கள் ஒரு தடவை எழுதிக்கொண்டு போனது போதும்.

போன வாரம் அந்த மூத்த மகன் சிரம்பான் பக்கம் பாரோயிலிருந்து வந்தான். “அம்மா, எனக்கு லீவு இருக்கு. மதுரைக்குப் போயிட்டு வருவோம்லா. மூணே நாள். கோயிலைப் பாக்குறோம், திரும்பி வந்துடுறோம்” என்றான். சந்தோஷமாகச் சொன்னான் பாவம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “மூணு நாளா? யார்டா உனக்கு மூணு நாள்னு சொல்லிக் குடுத்தா?” என்று கத்திவிட்டேன். அவன் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தம்பி பிறந்தான், தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை கிடையாது.

அது யுத்தம் முடிந்து சில வருஷம், மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். எங்கள் தோட்டம் லாபு பக்கம், ரப்பர் காடு முடிகிற இடத்தில் நிஜக் காடு தொடங்கிவிடும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒரே கேட்டு. காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டு முடிந்து வேலைக்குப் போகும்போது ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்க வேண்டும். மடியைத் தடவுவார்கள், வாளியைக் கவிழ்ப்பார்கள், கொண்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினால்கூடக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், சேர்த்துவைக்க முடியாதபடி.

எனக்குப் பிறவியிலேயே பயம். கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில், என்னவோ மறந்துவிட்டோம் என்று கவலைப்படுகிறவள் நான். கேட்டுக்கு நூறடி முன்னாலேயே என் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மடியில் ஒன்றுமில்லாவிட்டாலும். அக்கா அப்படியில்லை. கைகளை அகல விரித்து, சோதிக்கிற பெண்ணிடம், “நல்லாத் தேடும்மா. நேத்து என் மூக்குத்திய காணோம், கெடச்சா குடு” என்பாள். அந்தப் பெண் மலாய்க்காரி. தமிழ் தெரியாமல் தலையாட்டுவாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

மதுரைக்குப் போய்வருகிற திட்டத்தை அவள் என்றைக்குத் தொடங்கினாளோ தெரியாது. நான் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஆரம்பித்தபோதே அது முழுசாக இருந்தது. வெட்டின ரப்பர் பாலை ஊற்றிவிட்டு வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் சொல்வாள். முதல் நாள் கோயிலுக்குள்ளே போகக் கூடாது. நாலு பக்கத் தெருவையும் சுற்றி, நாலு கோபுரத்தையும் கழுத்து வலிக்கப் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் காலையில் குளித்து, கிழக்கு வாசல் வழியாக உள்ளே போய், பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து, எழுந்து, மேற்கு வாசல் வழியாக வெளியே வர வேண்டும். மூன்றாம் நாள் வளையல் வாங்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டும். அப்புறம் நாகப்பட்டினம், கப்பல், லாபு.

“இவ்வளவு தூரம் போயி மூணு நாளாக்கா? ஒரு மாசம் இருந்துட்டு வாயேன்” என்றார் என் வீட்டுக்காரர் ஒரு தடவை. “ஒன்ன மாதிரி வாய் உள்ளவள விட்டா மதுரையே எழுதி வெச்சிருவாங்க.”

“எதுக்குடா ஒரு மாசம்? நான் அந்த ஊருக்காரி இல்ல. உள்ள போகணும், வெளிய வரணும், கப்பல் ஏறணும். எனக்கு வேல இருக்கு, இங்க இத்தன புள்ளைங்க கெடக்கு.”

“சாமிகிட்ட என்னா வேண்டிக்கப் போற?”

“சாமிய யாரு கேட்டா? நான் வாசலத் தாண்டப் போறேன்.”

அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது அப்பனும் ஆத்தாளும் அவளைக் கூட்டிக்கொண்டு மலாயாவுக்குக் கப்பல் ஏற வந்தவர்கள். வழியில் மதுரை. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே தெருவில் நின்று அப்பன் கோபுரத்தைக் கைகாட்டினானாம். “பாத்துக்க. நம்மள உள்ள விடமாட்டாங்க” என்றானாம். இவள் ஏன் என்று கேட்டாளாம். அப்பன் இவள் தலையில் ஒரு குட்டு வைத்தானாம். கப்பலிலும் அப்படித்தான். சோறு போடுகிறவன் இவர்களை ஒரு ஓரமாக நிற்கவைத்து, எட்டி நின்று தட்டில் வீசினானாம். யுத்தத்துக்கு முன்னாலேயே அந்தக் கோயில் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள் என்று ஊருக்குப் போய்வந்தவர்கள் சொன்னதிலிருந்து அவளுக்கு இந்த ஒரே நினைப்பு. புருஷன் இருந்தால் தடுத்திருப்பானோ என்னவோ. அவனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அவன் திரும்பவில்லை. “போறது பெருசு இல்லடி. போறவங்க திரும்பி வரணும்” என்பாள்.

அதனால் முதலில் அவள் வாங்கியது திரும்பி வருவதற்கான பெர்மிட்டைத்தான். அதை ரவிக்கைக்குள் வைத்திருப்பாள். யார் மதுரைப் பேச்சை எடுத்தாலும் உருவிக் காட்டுவாள்.

வெளியே நிற்கச் சொன்னால் அவளுக்கு ஆகாது. அதுதான் அவள். சம்பளப் பேச்சானாலும் மருந்துப் பேச்சானாலும் நாங்கள் எல்லோரும் கிராணி வீட்டு முற்றத்தில் நின்று பேசுவோம். அவர் எங்களைப் போலத் தமிழர்தான், ஆனால் படித்தவர், சாதியில் பெரியவர். வராந்தாவில் உட்கார்ந்து கேட்பார். அக்கா கிளம்புவதற்கு முந்தின வாரம் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் முற்றத்திலேயே நின்றேன். அவள் படியேறி, வராந்தாவைத் தாண்டி, நடுக்கூடத்தில் போய் நின்றுவிட்டாள். கிராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏய், வெளிய நின்னு பேசு!”

“வெளிய நின்னா ஒங்களுக்குக் காது கேக்க மாட்டேங்குதுங்க ஐயா. போன மாசம் கொட்டாய் ஒழுவுதுன்னு வெளிய நின்னுதான் சொன்னேன், கேக்கல. இன்னும் ஒழுவுது.”

“என்னா வேணும் ஒனக்கு?”

“கப்பலுக்குத் திங்க பொரிவிளங்கா உருண்டை செஞ்சு எடுத்துக்கிட்டுப் போறேன். கப்பல் சோறு நான் திங்க மாட்டேன். அரிசியில செய்யுறது, கேட்டுல புடிச்சிருவானுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லி வையுங்க.”

“சரி சரி, எடுத்துக்கிட்டுப் போ. நான் கேட்டுல சொல்லிடுறேன். மொதல்ல வெளிய போ.”

என் இரண்டு காதாலும் கேட்டேன். நாங்கள் முற்றத்தைத் தாண்டவில்லை, பின்னால் வாளித் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் கிராணி சம்சாரம் அக்கா நின்ற இடத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். “அக்கா, வா போயிரலாம்” என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டுத் திரும்பவும் படியேறினாள். அந்த ஈரத்தின் மேலேயே நடந்து நடுக்கூடம் வரை போனாள். செம்மண் கால். சிவப்பாகத் தடம் விழுந்தது.

“ஈரம் காயலம்மா. வழுக்கிரும், பாத்து நடங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு முழுக்க லயத்தில் அதுதான் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்குள்ளிருந்து கிராணி அவளைப் பார்த்த பார்வையை நான்தான் முற்றத்திலிருந்து பார்த்தேன்.

உருண்டை செய்ததும் ஒரு கலாட்டா. தன் பங்கு அரிசியில் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக் குறைத்துச் சேர்த்து, சிவக்க வறுத்து, பயறோடு இடித்து, தேங்காய்த் துண்டும் சுக்கும் போட்டு, பாகு காய்ச்சி உருட்டினாள். கல் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு, “இதக் கேட்டுக்காரன் மேல வீசுனா போதும், எமர்ஜென்சி முடிஞ்சிரும்” என்றார். அவள் அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள். “பல்லு இல்லாத பயலுக்குக் குடுத்தது என் தப்பு.” பெரிய பிஸ்கட் டின் நிறைய அடுக்கினாள்.

கிளம்பிய காலையில் நல்ல வெயில். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ரயிலடிக்குப் போகத் தோட்டத்து லோரி கேட்டுக்கு வெளியே நின்றது. நாங்கள் எல்லோரும் வழியனுப்ப வந்தோம். அன்றைக்குப் பார்த்துக் கேட்டில் ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி நின்றார். மலாய்க்காரப் பெண் பெட்டியைத் திறந்து டின்னை எடுத்தாள். அதிகாரி ஒரு உருண்டையைக் கல்லில் தட்டி உடைத்து முகர்ந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, கிராணியைக் கூப்பிட்டார்கள். கிராணி வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். அக்கா நிம்மதியாகச் சிரித்தாள். “நீங்களே சொல்லுங்க ஐயா.”

கிராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதிகாரி ஏதோ கேட்டார்.

“இது எத்தன நாள் கெடாம இருக்கும்னு தொர கேக்குறாரு” என்றார் கிராணி.

ஐயோ, அவள் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் யாராவது நம் கைப்பதத்தைப் பற்றிக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? வேறு எந்த நாட்டுக்காரியாவது அந்தக் கேள்விக்குப் பயந்திருப்பாள். அவள் நெஞ்சை நிமிர்த்தினாள்.

“மாசக்கணக்கா இருக்கும்னு சொல்லுங்க. மழையில நனஞ்சாக்கூட ஒன்னும் ஆவாது. அடுப்பு வேணாம், தண்ணி வேணாம், ரெண்டு தின்னா ஒரு நாப் பூராப் பசிக்காது. நான் செஞ்சதுன்னா சும்மாவா?”

அதைக் கிராணி ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அது மட்டும் எவ்வளவு நீளமாக இருந்தது! கேட்கக் கேட்க அதிகாரி முகம் மாறியது. காட்டில் ஒளிந்திருப்பவனுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு உண்டா?

“கிராணி ஐயாதான் எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாரு” என்றாள் அக்கா. கிராணி அதற்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நோ. அந்த வார்த்தை எங்களுக்கும் தெரியும்.

நான் பேசினேன். பயந்தாங்கொள்ளி நான், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய்ச் சொன்னேன். “தொர, கிராணி ஐயா சரின்னு சொன்னாரு, நான் கேட்டேன், நான் அங்கதான் நின்னேன்.” அதிகாரி கிராணியைப் பார்த்தார். கிராணி தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார், பைத்தியத்தைப் பார்ப்பது போல. என் வாய் அந்த ஆள் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாய்க்கு நான் என்ன சொன்னேனோ அது பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், கேட்டுக் காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையனிடம் திரும்பினேன். “கிராணி சுடா சாக்காப் போலே,” கிராணி ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார் என்று. அந்தப் பையனுக்குப் புரிந்தது. அவன் கண் சொன்னது. ஆனால் தலையைக் குனிந்துகொண்டு, “தியாம், காக்கா, தியாம்” என்றான். என்னைத்தான் சொன்னான், பேசாதே அக்கா என்று.

இவ்வளவு வருஷமாக அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வெள்ளைக்காரன் மேல்கூடக் கொஞ்சம்தான். காட்டுக்கு யார் சோறு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கத்திக்கொண்டே கொடுத்திருப்பாள், லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து பெர்மிட்டை உருவினாள். “பாரு! திரும்பி வர்றதுக்குச் சீட்டு இருக்கு பாரு! நான் போயிட்டு வர்றவ!” அதிகாரி அதை வாங்கிப் பார்த்து, மடித்து, தன் பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் முதல் தடவையாக அக்கா முகத்தில் பயத்தைப் பார்த்தேன். ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது எங்களைப் பார்த்து, “பால்மாவ வெந்நீர்ல கரைங்கடி, கட்டி விழுந்துரும்” என்றாள். பிறகு கிராணியைப் பார்த்தாள். “ஐயா. நான் திரும்பி வருவேன். வந்து ஒங்க வீட்டுக்கு உள்ள வருவேன்.”

சிரம்பானில் அடைத்துவைத்திருந்தார்கள். பார்க்கப் போனோம். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் போனோம், வெளியேதான் நின்றோம். கடைசியில் ஒரு நாள், அவளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியாகிவிட்டது, இனி இந்த நாட்டுக்குள் வர முடியாது என்று வாசலில் இருந்தவர் சொன்னார். அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? மூன்று நாள் இருக்க மட்டும் திட்டம் போட்ட ஊர். நான்காவது நாள் எங்கே தூங்குவது என்று அவள் யோசித்ததே கிடையாது.

ஆயாக்கொட்டகைக்கு வேறு ஒருத்தியை வைத்தார்கள். நல்லவள், பேசவே மாட்டாள். பிள்ளைகள் எல்லாம் பல நாள் தூங்காமல் அழுதன. கிராணி வழக்கம்போல வராந்தாவில் உட்கார்ந்தார். எங்களில் யாரும் அந்த முற்றத்துக்குப் போகவில்லை. மருந்து வேண்டுமென்றால் ஆபீசுக்குப் போனோம், ஆபீசுக்குள்ளேயே போனோம். படியில் நிற்கச் சொன்னபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான். உள்ளே போய் நின்றுதான் நடுங்கினேன்.

எமர்ஜென்சி எல்லாம் முடிந்த பிறகு எங்கள் லயத்து முடிவெட்டுகிறவர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். மதுரையில் அக்காவைப் பார்த்திருக்கிறார். கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புதுமண்டபம் என்று ஒன்று இருக்கிறதாம், தூணுக்குத் தூண் தையல்காரர்கள் மிஷின் போட்டிருப்பார்களாம். அங்கே ஒரு தையல்காரரிடம் பித்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். தலை நரைத்துப் போய், காலை மட்டும் ஆட்டிக்கொண்டு.

“எதுக்கால கோபுரம். தெனம் உள்ள போவியாக்கா?” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“போகல.”

“ஒரு நாள்கூடவா?”

“போகல. நான் வந்து போறவளா வரணும்னு இருந்தேன். அங்க ஒருத்தன் கேட்டத் தொறந்து வெளிய தள்ளுறான், இங்க ஒருத்தன் கேட்டத் தொறந்து உள்ள வான்றான். இவனுங்க தொறந்தா நான் போகணுமா? எனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போறேன்.”

கிளம்பும்போது, ஊருக்கு ஏதாவது சேதி சொல்லவா என்று கேட்டாராம். பித்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “கிராணி வீட்டுத் தரை காஞ்சிருச்சான்னு கேட்டேன்னு சொல்லு” என்றாளாம்.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. உள்ளே போனாளா, போகாமலே போய்ச் சேர்ந்தாளா, எனக்குத் தெரியாது. போயிருக்க மாட்டாள்.

இதையெல்லாம் மகனிடம் சொல்லி முடிக்கும்வரை அவன் ஒரு கொட்டாவியும் விடவில்லை. “அப்ப வேணாம்மா, கேன்சல் பண்ணிடுறேன்” என்றான்.

“யாரு கேன்சல் பண்ணச் சொன்னா?”

போகத்தான் போகிறேன். முதல் நாள் வெளியே சுற்றி, இரண்டாம் நாள் கிழக்கே நுழைந்து மேற்கே வெளியே வருவேன். போக முடிவான நாளிலிருந்து பிளேனை நினைத்துத் தூக்கம் வரவில்லை, அது வேறு. பொரிவிளங்கா உருண்டை ஒரு டின் செய்தாயிற்று. என் கைக்கு அவ்வளவு கெட்டியாக வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு மகன் சிரித்தான். “அங்க எல்லாம் கெடைக்கும்மா. ஏர்ப்போர்ட்டுல தொறந்து பாப்பாங்க.”

“பாக்கட்டும். டிக்கட் எங்க?”

“என் பையில பத்திரமா இருக்கு.”

“போற டிக்கட்ட நீயே வெச்சுக்க. திரும்பி வர்ற டிக்கட்ட என் கையில குடு.”

“ரெண்டும் ஒன்னாதான்மா இருக்கு, ஒரே தாள்லதான்...”

“என் கையில குடுடா.”